கூடினது, மற்றது

1

இந்தக் கதையை நான் ஒரு தயிர்ச் சட்டியின் மேல் கண்டெடுத்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்முனையில், ஜெமீலாவின் குசினியில், பூனைக்குப் பயந்து மூடிமேல் பாரத்துக்கு வைத்திருந்தது ஒரு இரும்புப் பல்லுச் சில்லு. என்னவென்று கேட்டேன்.

"அது எங்கட பிக்கப்புட பழைய சாமான். அதாலதான் ஒரு வருசச் சோறு யானைக்குப் போகப் பார்த்த" என்றுவிட்டு அவள் மீன் வெட்டப் போய்விட்டாள். மீதியை அவள் புருஷன் காலிதீனிடம் பிடுங்கினேன். அதில் பாதி அவன் சொன்னது, பாதி என் கைச்சரக்கு. எது எது என்று கேட்காதீர்கள், எனக்கே மறந்துவிட்டது.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்து நான்காம் ஆண்டு, பொன்னிறக் கதிர்கள் காற்றில் அசைந்தாட—

பொய். கதிர் அசைந்தாடவே இல்லை. அறுத்து, சூடு மிதித்து, நெல்லைக் களவெட்டியில் குவித்தாயிற்று. இன்னொரு தடவை பார்ப்போம்.

2

காலிதீனுக்கு அந்த வருஷம் வாய் கொஞ்சம் நீளம். பட்டாளத்து வேலைத்தலத்தில் மோட்டார் பழகியவன். ஒரு பழைய பிக்கப்பை வாங்கி, பின்னால் கொழுவ ஒரு ட்ரெய்லரும் செய்துவிட்டான். இறக்காமத்து வயல் ஜெமீலாவுக்குச் சீதனமாக வந்தது. "இந்த முறை வண்டிலே வேணாம். நான் இழுத்து வாறன்" என்று மாட்டு வண்டில்காரர்களை அனுப்பியவன் அவன்தான். அவர்கள் வரிப்பத்தான்சேனைப் பக்கம் வேறு போடிமாருக்கு, அதாவது வயல்காரப் பெரியவர்களுக்கு, ஏற்றப் போய்விட்டார்கள்.

போனபிறகுதான் தெரிந்தது, நெல் ஏற்றிய ட்ரெய்லரோடு பிக்கப் குளக்கட்டு ஏறாது என்று. வெறுமனே ஓடினால் பறக்கும். பாரத்தோடு கட்டின் அடிக்கு வந்தால் முக்கும், கிளச் கருகி மணக்கும், நின்றுவிடும். வேறு பாதையும் கிடையாது. மேற்கே புதுக் குடியேற்றத்துக்குக் காடு வெட்டத் தொடங்கியதிலிருந்து யானைகளும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தன. காவலிருந்தவர்கள் விடியும்போதெல்லாம் புது அடிச்சுவடு காட்டினார்கள்.

(ட்ரெய்லரை விட்டுவிட்டு, பிக்கப்பின் முதுகில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாமே என்பீர்கள். ஏற்றலாம். கடைசி மூட்டை வீடு வர நோன்பு பிறந்துவிடும். யானை அதுவரை பொறுக்காது.)

"வண்டிலையும் அனுப்பிட்டீங்க. இனி யானைட முதுகிலயா ஏத்துற?" என்று கேட்டாள் ஜெமீலா. அவளுக்குக் கோபம், அதைவிடப் பயம். அவனுக்கு வெட்கம், அதைவிடப் பயம்.

3

இந்த இடத்தில் ஒரு சின்னப் பாடம் நடத்தாமல் கதை நகராது. பிக்கப்பின் பின்னச்சுப் பெட்டிக்குள் இரண்டு பல்லுச் சில்லு. எஞ்சின் சின்னதைச் சுழற்றும், சின்னது பெரியதைச் சுழற்றும், பெரியது ரோட்டில் உருளும் சில்லைச் சுழற்றும். பெரியது ஒரு சுற்றுச் சுற்ற, சின்னது நாலு சுற்றுச் சுற்றினால் வண்டி ஓட்டக்காரன். ஐந்தாறு சுற்றுச் சுற்றினால் இழுவைக்காரன். மெல்லத்தான் போவான், ஆனால் பாரத்தை விடமாட்டான். மோட்டார்காரர் முதலாவதைக் கூடின கியர் என்பார்கள், மற்றதைக் குறைந்த கியர் என்பார்கள். காலிதீனின் பெட்டியில் கிடந்தது கூடினது. வேண்டியது குறைந்தது.

(குறைந்தது என்று இங்கே தாராளமாக எழுதுகிறேன். நீங்களும் நானும் களவெட்டிக்கு வெளியே நிற்கிறோம்.)

4

களவெட்டிக்குள் அந்தச் சொல் ஆகாது. நெல் குவிந்து கிடக்கும் இடத்தில் குறை, இல்லை, தீர்ந்தது, முடிந்தது என்று வாய் தவறியும் சொல்லக் கூடாது; சொன்னால் பரக்கத்து, இறைவன் தருகிற பெருக்கம், போய்விடும். அங்கே எல்லாம் கூடவேண்டும், பெருகவேண்டும். நெல்லுக்கே அங்கே பெயர் பொலி.

ஜெமீலாவின் தம்பி அபூசாலி, கியர் வாங்கிவரக் கொழும்புக்குப் போகிறவன், பயணம் சொல்ல வந்து நின்றது அந்தக் களவெட்டியில்.

"மச்சான், உங்கட வண்டிக்கு எந்தக் கியர் எடுக்கிற?"

காலிதீன் வாயைத் திறந்தான். "கு—"

ஜெமீலா பார்த்தாள்.

"லோ—" என்றான்.

"இங்கிலீசில செல்லினாலும் அது அதுதானே" என்றாள் அவள்.

அவனுக்கு வியர்த்தது. எனக்கு வேண்டியது இழுவை, இழுவை கூடத்தானே வேண்டும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. "கூடினது மச்சான். கூடினதாப் பார்த்து எடுங்க."

"ஓம், கூடினது" என்று அபூசாலி பஸ்ஸுக்கு ஓடிவிட்டான்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கும்போதுதான் காலிதீனுக்கு உறைத்தது. கூடின கியர் என்றால் ஓட்டக்காரன். கட்டடியில் நின்று முக்குகிற அதே சாமான். கோப்பை பாதி வழியில் நின்றது.

"தந்தி அடிங்களன்" என்றாள் ஜெமீலா.

"எந்தக் கடைக்கு அடிக்கிற? கொழும்பில பழைய சாமான் விக்கிற கடையெல்லாம் ஏறி இறங்குவான் அவன்." கோப்பையைக் கீழே வைத்து, "நீ அப்பிடிப் பார்த்திரிக்கப்படா புள்ள" என்றான்.

"நான் பார்க்காட்டி நீங்க செல்லியிருப்பீங்க. மறுகா பொலி தங்குமா?"

5

அபூசாலியை நான் நம்பவில்லை. முதல் பிரதியில் அவனை ஒரு மடையனாக்கி, பிழையான கியரோடு வரவைத்து, இப்படி எழுதினேன்:

அந்திபட யானைகள் இறங்கின. காவல்காரர் தீப்பந்தத்தோடு ஓடினார்கள். விடிந்து பார்த்தால் களவெட்டியில் ஒரு மணி நெல்லும் இல்—

கை நின்றுவிட்டது. இந்த வரியில் நானே களவெட்டிக்குள் நிற்கிறேன். இன்னொரு தடவை முயன்றேன்: யானைகள் பொலியை எல்லாம் தின்று தீ— அதுவும் ஆகாது. அந்த நெல்லை அழிக்க எனக்கு ஒரு சொல் வேண்டும். இருக்கிற சொல்லெல்லாம் அங்கே விலக்கு. சோக முடிவு நன்றாக எடுபட்டிருக்கும் என்று எனக்கு இன்னமும் ஒரு நப்பாசை உண்டு. ஆனால் காகிதத்தைக் கிழித்தபோது நெஞ்சு லேசாகிப் போனது உண்மை.

6

ஆகவே, அபூசாலி வந்தான். சாக்கில் சுற்றிய பாரத்தைத் தோளிலிருந்து இறக்கினான். காலிதீன் அதைத் தொடவில்லை.

"கூடினதா?"

"கூடினதேதான். கடைக்காரர் ஹையா லோவா எண்டு கேட்டார். எனக்கு அது விளங்கல்ல. நம்பர் பெரிசு எது எண்டு கேட்டன். ஒண்டு நாலும் சொச்சமும், மற்றது அஞ்சும் சொச்சமும் எண்டார். அஞ்சுதானே மச்சான் கூட?"

காலிதீன் சாக்கை உரித்தான். சின்னச் சில்லின் பல்லை விரலால் தொட்டு எண்ணினான், பெரியதை எண்ணினான், திரும்பவும் எண்ணினான். பிறகு நிலத்தில் அப்படியே இருந்துவிட்டான்.

மோட்டார்காரர் குறைந்தது என்கிற கியருக்குத்தான் கணக்கில் இலக்கம் கூட. இவன் பிழையாகச் சொன்னதை அவன் பிழையாக விளங்கி, இரண்டு பிழையும் சேர்ந்து சரியான சாமானைக் கொண்டுவந்திருந்தன.

"என்ன மச்சான், பிழையா?"

"பிழைதான். அல்ஹம்துலில்லாஹ், நல்ல பிழை" என்றான் காலிதீன். சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன.

7

கியரை மாற்றி, மூட்டைகளை ட்ரெய்லரில் அடுக்கிக் குளக்கட்டின் அடிக்கு வந்தார்கள். எஞ்சின் கத்தியது. பிக்கப் முக்கவில்லை, மணக்கவில்லை, ஏறியது. எவ்வளவு மெதுவாக என்றால், பக்கத்தில் நடந்த ஜெமீலா அதை முந்திப் போய் மேலே நின்று திரும்பிப் பார்த்தாள்.

"நான் நடந்து பெய்த்து உலை வைக்கட்டா?"

"வை புள்ள, வை" என்றான்.

மாவடிப்பள்ளித் தெருவில் ஒரு சைக்கிள்காரன் அவர்களை முந்திப் போனான். போகிற போக்கில், "காக்கா, தள்ளிவிடணுமா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டான். வேறு நாளாயிருந்தால் காலிதீன் வண்டியை நிறுத்தி நாலு வார்த்தை கேட்டிருப்பான். அன்று சலாம் சொன்னான்.

8

எழுதியதை ஜெமீலாவின் வீட்டில் இருந்து வாசித்துக் காட்டினேன். சுவரோரம் மூட்டைகள் அடுக்கியிருந்தன. வாசித்துவிட்டு, அடியில் வழக்கமான அந்தச் சொல்லைப் போடப் பென்சிலை வைத்தேன். முற்—

ஜெமீலா பார்த்தாள். அதே பார்வை.

"நெல்லுக்கு முன்னால வைச்சா எழுதுற?" என்றாள்.

பென்சிலை எடுத்துவிட்டேன். அந்தச் சொல்லை உங்களிடம் விடுகிறேன், வாசகரே. நெல்லோ அரிசியோ கிடையாத ஒரு வீடு கண்ணில் பட்டால், அங்கே போய் நின்று அதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அப்படி ஒரு வீடு உங்களுக்கு வாய்க்காமல் இருக்கட்டும்.