இஸ்திரி அக்காவின் கிராப்

இஸ்திரி அக்கா தலைமுடியைக் கழுத்தோடு கத்தரித்துக்கொண்டு வந்த அன்று, தெருவில் பாதி வீடுகளில் அடுப்பில் வைத்தது அடிப்பிடித்துப் போனது. எல்லோரும் வாசலில் நின்று அதைப் பேசிக்கொண்டிருந்தால் அடுப்பை யார் பார்ப்பது? இடுப்புக்குக் கீழே தொங்கிய கூந்தல் அது. கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளையைவிட அதுதான் பெரிதாக விழுந்திருக்கிறது.

"வெக்கை தாங்கலை. அதான் வெட்டிட்டேன்" என்றாள் அக்கா. ஒருவரும் நம்பவில்லை. அவள் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் இஸ்திரிப் பக்கம் நின்ற மற்ற இரண்டு பெண்களும் அடுத்தடுத்து கிராப் வைத்துக்கொண்டதும், சந்தேகம் உறுதியாகிவிட்டது. "எங்க அண்ணிக்கு இந்த வயசுல சினிமா ஆசை. கூட இருக்கறவங்களுக்கும் ஒட்டிக்கிச்சு" என்று, அதே கூடத்தில் துணி மடிக்கும் நாத்தனார் தன் நீளச் சடையை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு ஊருக்கெல்லாம் சொன்னாள்.

உண்மை அக்காவின் வலது தோளுக்குள் இருந்தது. கை தோளுக்கு மேல் எழும்ப மறுத்தது. சடை பின்ன இரண்டு கையும் பிடரிக்குப் போயாக வேண்டும். போகவில்லை, அதனால் சடை போனது. புருஷனிடம்கூட வாயைத் திறக்கவில்லை. காரணம் இருந்தது. போன வருஷம் ஒருத்தி முதுகு வலிக்கிறது என்று சொன்னதும், முதலாளி தேனாய்க் குழைந்து, "வீட்டுல போய் நல்லா ரெஸ்ட் எடும்மா" என்றார். அவள் இன்னும் ரெஸ்ட்தான் எடுத்துக்கொண்டிருக்கிறாள். அவள் இடத்தில் வேறு ஆள் நிற்கிறாள். அக்கா சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது.

இப்படியிருக்க, துணி அனுப்பும் பெரிய ஹோட்டல்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். வேலை செய்கிறவர்கள் உடம்பு கெடாமல்தான் வேலை நடக்கிறதா என்று தாங்கள் அனுப்பும் ஆள் வந்து பார்ப்பார்; அவர் சரி என்றால்தான் மேற்கொண்டு துணி வரும். முதலாளி எல்லோரையும் கூட்டி நிறுத்தினார்.

"நிமிர்ந்து நில்லுங்க. சிரிச்ச முகமா இருங்க. அங்க வலிக்குது, இங்க குத்துதுன்னு யாரும் கச்சேரி வைக்கக் கூடாது."

வந்தது ஒரு பெண். குட்டையான உருவம், கனத்த ஷூ, கழுத்தில் தையற்காரர் மாதிரி அளவு நாடா. உள்ளே நுழைந்த நிமிஷத்திலேயே டேப் மேடம் என்று பெயர் விழுந்துவிட்டது. கூடமே குரூப் போட்டோவுக்கு நிற்பது போல விறைத்து நின்று வேலை செய்தது. மேடம் எதுவும் கேட்கவில்லை. ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நாடகம் போடுவதற்கும் முதுகில் தெம்பு வேண்டுமல்லவா? மத்தியானத்துக்குள் ஒவ்வொருத்தராகக் கூன ஆரம்பித்தார்கள். அக்கா மட்டும் அசரவில்லை. தேய்த்த சட்டையை ஹேங்கரோடு இடது கையால் வீசி, மேலே ஓடும் கம்பியில் கொக்கியைச் சொருகிக்கொண்டே இருந்தாள்.

மேடம் எழுந்து மடிக்கும் பக்கம் போனார்.

"அழகான சடை. யார் பின்னி விடறாங்க?"

"நானேதான் மேடம்!" நாத்தனாருக்கு உச்சி குளிர்ந்தது.

மேடம் இந்தப் பக்கத்தைப் பார்த்தார். எல்லாத் தலையிலும் சடை. அந்தப் பக்கத்தைப் பார்த்தார். மூன்று தலையிலும் கிராப்.

"அங்க மட்டும் ஏன் எல்லாரும் வெட்டிட்டாங்க?"

"எங்க அண்ணி ஆரம்பிச்சு வச்ச ஃபேஷன் மேடம்."

மேடம் சிரிக்கவில்லை. நேராக அக்காவிடம் வந்தார். "அக்கா, வலது கையத் தலைக்குப் பின்னாடி கொண்டு போங்க, பாப்போம்."

"எதுக்கு மேடம்? நல்லாத்தானே இருக்கு."

"நல்லா இருந்தா தூக்குங்க."

அக்கா முதலாளியைப் பார்த்தாள். தூக்கினாள். கை தோள் மட்டத்தில் நின்றுவிட்டது, முகம் சுருங்கிவிட்டது. நாத்தனாரின் கையிலிருந்த போர்வை நழுவித் தரையில் விழுந்தது.

"அண்ணி! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே பின்னி விட்டிருப்பேனே!"

"உன்கிட்ட சொன்னா தெருவுக்கு வேற தனியா சொல்லணுமா?"

கூடமே சிரித்தது. அக்கா மட்டும் அவசரமாக அடுத்த சட்டையை எடுத்தாள். ஏனென்றால் முதலாளி தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தார். அதே தேன் குரல் வந்தது. "அதுக்கென்னம்மா, வீட்டுல போய் நல்லா..."

"இவங்க போனா இங்க யார் நிப்பாங்க?" என்று மேடம் குறுக்கே விழுந்தார்.

"வேற ஆள் போட்டுக்கலாம்."

"அவங்களும் கொஞ்ச நாள்ல முடி வெட்டிட்டு வருவாங்க. சார், நீங்க மாத்த வேண்டியது ஆளை இல்ல, அதை." விரல் மேலே நீண்டது. "அந்தக் கம்பிய அவ்வளவு உயரத்துல யார் வச்சது?"

"நானே அளந்து வச்சது" என்றார் முதலாளி பெருமையாக. மனிதர் விளக்குக் கம்பம் மாதிரி வளர்ந்தவர். "நடக்கும்போது தலையில இடிக்கக் கூடாதுல்ல?"

மேடம் நாடாவைப் பிரித்து, அக்காவின் தோளிலிருந்து கம்பி வரைக்கும் பிடித்துக் காட்டினார். முதலாளி நடக்கையில் தலை இடிக்கக் கூடாது என்பதற்காக, நாள் முழுக்க ஒவ்வொரு சட்டைக்கும் அக்கா எக்கியிருக்கிறாள். எந்த வீட்டில் என்ன சண்டை என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே சொல்லிவிடுகிற தெரு இது. மூன்று மொட்டைக் கழுத்தைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு சினிமா ஆசை என்றது. வந்த அன்றே அந்தப் பெண் படித்துவிட்டார். கண் என்றால் அது கண்!

கம்பி அக்காவின் தோள் மட்டத்துக்கு இறங்கும் வரை ஹோட்டல் துணி வராது என்று மேடம் சொல்லிவிட்டதால், அது மறுநாளே இறங்கியது. தேய்ப்பவர்களும் மடிப்பவர்களும் இடம் மாறி மாறி நிற்க வேண்டும் என்றும் ஏற்பாடானது. முதல் முறை இஸ்திரிப் பெட்டியைப் பிடித்த நாத்தனார், "அம்மாடி" என்று உட்கார்ந்தவள்தான். சினிமா பேச்சு அதோடு நின்றது. ரெஸ்ட் எடுக்கப் போனவளைத் திரும்பக் கூப்பிட முதலாளிக்கு இன்னும் மனசு வரவில்லை. மேடமும் விடாமல் போன் போட்டுக்கொண்டிருக்கிறார்.

அக்காவின் தோள் முழுக்கச் சரியாகவில்லை. மேடம் சொல்லிக் கொடுத்தபடி சுவரில் விரல்களை மெல்ல மேலே ஏற்றிப் பழகுகிறாள். கை காது வரைக்கும் வந்திருக்கிறது. முடியும் தோளைத் தொட்டிருக்கிறது. எலிவால் அளவுக்கு ஒரு சடை. பின்னுவது நாத்தனார், வாய் ஓயாமல்.

ஒருநாள் முதலாளி போனில் பேசிக்கொண்டே பழைய நினைப்பில் வேகமாக வந்து, கம்பியில் நெஞ்சை இடித்துக்கொண்டு 'ஐயோ' என்றார். அக்கா எக்காமல், வீசாமல், வலது கையாலேயே ஒரு சட்டையை மாட்டினாள்.

"குனிஞ்சு போங்க முதலாளி. பழகிடும்."