ஹிக்சன் போடாத அதட்டல்

கல்வரிசையைத் தாண்டி நாலு எட்டு உள்ளே போன பிறகுதான் எத்லினுக்குத் தான் செய்தது உறைத்தது. அளவுநாடாவின் முனையைப் பிடித்தபடி பின்பக்கமாகவே நகர்ந்து வந்தவள், முன்னோர் மேடைக்குள் நின்றுகொண்டிருந்தாள். ரொவியானா கடற்கழியில் பிறந்த எந்தப் பெண்ணும் கால் வைக்காத இடம். முன்னோரின் மண்டையோடுகள் இருக்கும் மேடைக்கு ஆண்கள் மட்டும்தான் போவார்கள். பெண்கள் அந்தக் கல்வரிசைக்கு வெகு தூரத்திலேயே நின்றுவிடுவார்கள்.

அவள் உடம்பு விறைத்தது. அதட்டலுக்காகக் காத்திருந்தாள்.

அதட்டல் வரவில்லை. நாடாவின் மறுமுனையில் அவளுடைய பெரியப்பா மகன் ஹிக்சன் பாக்கு மென்றுகொண்டிருந்தான். "எவ்வளவு வருது?" என்று மட்டும் கேட்டான்.

"நாலரை மீட்டர்," என்றாள் எத்லின். குரல் அவளுடையதாக இல்லை.

ஆறு வயதில் ஒரு நாள், ஓடிப்போன பன்றிக்குட்டியைத் துரத்திக்கொண்டு தீவின் முனையிலிருந்த வேறொரு குடும்பத்து மேடைப் பக்கம் போய்விட்டாள். அப்போது இதே ஹிக்சன் போட்ட சத்தத்தில் பாவாடையை நனைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் மூன்று நாள் அவளுக்குக் காய்ச்சல். அந்த ஹிக்சன் இன்று பாக்கு மெல்கிறான்.

தலைநகர் ஹொனியாராவில் தேசிய அருங்காட்சியகத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்து பதினான்கு மாதம்தான் ஆகிறது. இதுவரை பானை ஓடுகளைக் கழுவினாள், எண் போட்டாள், மேலதிகாரி ஃபுகுய் தோண்டிய குழிகளைக் கோட்டுப்படமாக வரைந்தாள். அவர் மலேரியாவில் முண்டா நகர விடுதியில் படுத்துவிட்டதால், ஊர்க்காரர்கள் கேட்டபடியே இந்த ஓடைப் பள்ளத்தாக்குக்கு அவளைத் தனியே அனுப்பியிருந்தார். வியாழக்கிழமை மரம் வெட்டும் அனுமதி பற்றிய விசாரணை. பள்ளத்தாக்கில் முன்னோர் மேடை இருக்கிறது என்று அருங்காட்சியகம் எழுதிக் கொடுத்தால் மரக் கம்பெனியின் புல்டோசர் உள்ளே வர முடியாது. இல்லையென்றால் ஊருக்குக் குடிநீர் தரும் ஓடையும், சேப்பங்கிழங்குத் தோட்டமும் போய்விடும். பதிவுத் தாளில் அவள் போடும் கையெழுத்துதான் அவளுடைய முதல் கையெழுத்து.

அவள் குனிந்து மேடை ஓரத்திலிருந்த பவளக் கல் ஒன்றைப் புரட்டினாள். கல்லின் அடியைப் பார்க்காமல் எதையும் எழுதாதே என்று ஃபுகுய் ஒவ்வொரு குழியிலும் சொல்வார். அடியில் நசுங்கிய புல் இன்னும் அழுகாமல் மஞ்சளாகவே இருந்தது. அடுத்த கல்லின் கீழே நூடுல்ஸ் பாக்கெட் ஒன்று, சிவப்பு நிறம் கொஞ்சமும் மங்காமல்.

"அண்ணே, இது என்ன?"

ஹிக்சன் பார்த்தான். "கோழி மசாலா. ரெண்டு நிமிஷத்துல வெந்துரும்."

"விளையாடாதே."

"எலி இழுத்துட்டு வந்திருக்கும், தங்கச்சி."

"எலி கல்லத் தூக்கி வச்சுட்டுப் போச்சாக்கும்? நான் உள்ள வந்தேன். நீ ஒரு வார்த்தை சொல்லலையே."

மெல்வது நின்றது. அவன் தன் கால்களையும், அவள் கால்களையும், இடையிலிருந்த கல்வரிசையையும் பார்த்தான். தான் எங்கே கோட்டைவிட்டான் என்பது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

"நீ கவர்ன்மெண்டு ஆளு. அதான் சும்மா இருந்தேன்."

"பாதிரியார் பொண்டாட்டியவே அன்னைக்கு விரட்டுனவன் நீ."

ஹிக்சன் சுண்ணாம்பு டப்பாவை மூடினான். திறந்தான். மறுபடி மூடினான். "நானும் என் கூட்டாளி ஜோப்பும் போன மாசம் அடுக்குனது. மேல வச்ச சங்கு வளையம் மட்டும் நிஜம், எங்க வீட்டுப் பொட்டியில இருந்தது. மண்டையோட்ட வெள்ளைக்காரன் தூக்கிட்டுப் போயிட்டான்னு சொல்லிக்கலாம்னு நெனச்சோம். நம்ம பொண்ணுதானே வருது, வெளிய நின்னு அளந்துட்டுப் போயிரும்னுதான் ஒன்ன அனுப்பச் சொல்லிக் கேட்டதே."

"எனக்குப் படிப்பு வரலைன்னு நெனச்சியா?"

"படிப்பு வந்தாலும் பயம் போகாதுன்னு நெனச்சேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. பாக்கெட்டைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் முடிந்தது காரியம். ஆனால் கம்பெனி வக்கீல் போன வருடம் வேறொரு தீவில் இப்படிப் புதிதாக அடுக்கிய மேடை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு விசாரணையிலும் அந்தப் புகைப்படத்தைக் காட்டித்தான் பேச்சைத் தொடங்குகிறார். இன்னொன்று சிக்கினால் அருங்காட்சியகத்தின் தாள் ஒன்றையும் யாரும் நம்ப மாட்டார்கள். நிஜமான மேடைகள் இருக்கும் நாற்பது பள்ளத்தாக்குகளும் சேர்ந்து போகும்.

பாக்கெட்டை மாதிரிப் பைக்குள் போட்டு, தேதி எழுதி ஒட்டினாள். ஹிக்சன் பார்த்துக்கொண்டே நின்றான்.

"அப்ப வெட்ட வரட்டும்னுதானே சொல்ற?"

"நம்ம மேடை எங்கண்ணே? நிஜமானது?"

அவன் மேலே மலைமுதுகைப் பார்த்தான். அங்கே கொடி மூடிய, மரம் ஏற்றும் பழைய பாதை. தொண்ணூற்றாறில் போட்டது. கம்பெனி திரும்ப வந்தால் அதே பாதையைத்தான் திறக்கும். வேறு வழி கிடையாது.

"ரோட்டுக்குக் கீழயா?"

"டோசருக்கு முன்னால, வெட்ட வேண்டிய மரத்துக்குப் பெயிண்ட் அடிச்சுட்டுப் போனது நான். பதினேழு வயசு. மேடையப் பார்த்து நின்னுட்டேன். ஓட்டுனவன் நிக்கல." அவன் குரல் தேய்ந்தது. "வெட்டிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது யாருன்னு ஒனக்குத் தெரியும்."

தெரியும். எத்லினின் அப்பா. குடும்பத்தின் சார்பில் பேசும் உரிமை அவருக்குத்தான் இருந்தது. மேடை அழிந்தது ஊருக்குத் தெரியாமலே அவர் செத்துப்போனார். கல்லறையில் நல்ல மேய்ப்பர் என்று செதுக்கியிருக்கிறார்கள்.

"காட்டு," என்றாள்.

ஏறுவதற்கு ஒரு மணி நேரம் ஆனது. மழையில் அரித்த பாதையில் எத்லின் முன்னால் நடந்தாள். ஹிக்சன் பின்னால் வந்தான், பாக்கு மெல்லாமல். எந்தக் கல்லும் தெரியவில்லை. செம்மண், கொடி, பெருவிரல் பருமனில் புது மரங்கள். இவன் மறுபடி புளுகுகிறானோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

"நில்லு! ஒரு அடி வைக்காத! நில்லு எத்லின்!"

பறவைகள் கலைந்தன. அவள் உயர்த்திய காலை அப்படியே பின்னுக்கு வைத்தாள். ஆறு வயதில் கேட்ட அதே குரல். திரும்பிப் பார்த்தபோது ஹிக்சன் வியர்த்து நின்றான்.

அவள் தன் கால்விரல் நுனியில், மேடையின் எல்லையாக ஒரு முளைக்குச்சியை அடித்தாள்.

"தோண்டிப் பார்த்தாத்தான் நம்புவாங்க, அண்ணே. நான் உள்ள போக முடியாது. ஃபுகுய் எழுந்திரிக்க ஒரு வாரம் ஆகும்."

"நான் தோண்ட மாட்டேன்."

"தெரியும். அப்ப வியாழக்கிழமை நீ வந்து சொல்லணும். பெயிண்ட் அடிச்சதையும் சேர்த்து."

அவன் பாதை ஓரத்தில் உட்கார்ந்தான். "சித்தப்பா பேரும் வருமா?"

"பதிவுத் தாள்ல, இடத்தக் கெடுத்தது யாருன்னு ஒரு கட்டம் இருக்கு."

"எம் பேர முதல்ல போடு."

அவள் அப்பாவின் பெயரை முதலில் எழுதினாள். கீழே அவன் பெயர். தகவல் தந்தவர் என்ற இடத்தில், ஹிக்சனோடு, கையெழுத்துப் போட்டவரின் மகள் என்று தன்னையும் எழுதினாள். வரைபடத்தில் குச்சியைக் குறித்துப் பாதையின் இரு ஓரத்தையும் இழுத்தாள். அதற்கப்பால் தாள் வெள்ளையாகவே இருந்தது. மேடையின் நீளம், அகலம், உயரம் என்று மூன்று கட்டங்கள் இருந்தன. உள்ளே போய் அளக்காமல் எழுத அவளிடம் ஒன்றுமில்லை.