நீலச் சட்டை போகும் வழி

கையில் இளஞ்சூடாக ஒரு சட்டை இருக்கிறது, நீலச் சட்டை, மடித்துச் செய்தித்தாளில் சுற்றியது, யாருடையது என்று தெரியவில்லை, பெசன்ட் நகரில் தினம் ஒரே ஒரு சட்டையை மட்டும் தேய்க்கக் கொடுக்கிற அந்த மகானுபாவர் யார், அப்படி என்ன மாப்பிள்ளைக் கோலம் வேண்டிக்கிடக்கிறது அவருக்கு என்று முணுமுணுத்துக்கொண்டே நடக்கிறேன், முதுகைக் கடல்காற்று தள்ளுகிறது, தெருவிளக்குகள் எரிகின்றன, இடது கைப்பக்கம் பார்த்தீர்களானால் என்று யாரிடமோ சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், பின்னால் யாரும் இல்லை, காலமெல்லாம் சுற்றுலாப் பேருந்தில் மைக்கைப் பிடித்த வாய், ஓய்வு பெற்றால் மட்டும் சும்மா இருக்குமா.

இடது கைப்பக்கம் பார்த்தீர்களானால் கடற்கரை, மணலில் வெள்ளையாக நிற்பது, நீரில் தத்தளித்த உயிரைக் காப்பாற்றப் போய், தான் கரை திரும்பாத டேனிஷ் மாலுமி ஒருவரின் நினைவுச் சின்னம், வடக்கே ஊரூர் குப்பத்துப் படகுகள், தெற்கே போனால் வேளாங்கண்ணி மாதா கோவில், அதையும் தாண்டினால் அலைச்சத்தத்தோடு பூஜை நடக்கிற அஷ்டலட்சுமி கோவில், இதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், சொல்கிறேன், என் மனைவி தில்லைநாயகி முன் இருக்கையில் உட்கார்ந்து சிரிக்கிறாள், ஊருக்கெல்லாம் வழி சொல்றீங்க, உங்க கண்ணாடி எங்க இருக்குன்னு நான்தான் சொல்ல வேண்டியிருக்கு என்கிறாள், இல்லை, அவள் பேருந்தில் ஏறியதே கிடையாது, மாலையில் என்னோடு நடந்துதான் வருவாள், போகும்போது காத்து முகத்துல அடிக்கணும், வரும்போது முதுகுல தள்ளணும், அவ்ளோதாங்க வழி, இதுக்கு எதுக்கு மைக்கு என்பாள், அவள் போன பிறகு சில நாட்களில் அந்திப் பொழுதில் என் தலைக்குள் ஏதோ ஒன்று அணைந்துவிடுகிறது, கடல் தெரிகிறது, அலை தெரிகிறது, வீடு மட்டும் எந்தப் பக்கம் என்று தெரிவதில்லை. அப்படித்தான் ஒருநாள் திருவான்மியூர் பேருந்து நிலையத்தில் போய் உட்கார்ந்திருந்தேன்.

புனேவிலிருந்து மகள் சாருமதி ஓடி வந்தாள், அழுதாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் அம்மாவைப் போலவே ஒரே வாக்கியத்தில் முடித்தாள், இன்னொரு தடவ தொலைஞ்சீங்கன்னா என்கூட வந்துடணும்ப்பா, இந்த வீட்டை வாடகைக்கு விட்டுடலாம். நல்ல மகள்தான், நல்ல மருமகன்தான், ஆனால் புனேவில் கடல் இல்லையே, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று அங்கே யாரைப் போய்க் கேட்பது, அன்றிலிருந்து நடக்கப் போகும்போதெல்லாம் ஒரு பயம். இன்றைக்குத் திரும்பி வந்துவிட்டால் இன்னொரு நாள் இந்தத் தெரு என்னுடையது.

திரும்பி வந்துகொண்டுதான் இருந்தேன், தினமும், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, ஒரே தொல்லை என்னவென்றால் இந்தப் பேட்டைக்காரர்கள் என்னை எடுபிடி ஆளாக்கிவிட்டார்கள். மணலில் கால் பதித்து நின்றுகொண்டிருப்பேன், மீன் வறுத்து விற்கிற தனபாக்கியம் கையிலே ஒரு தூக்குவாளியைத் திணிப்பாள், பார்க்கு வாட்ச்மேன் ஏகாம்பரத்துகிட்ட குடுத்துடு சார், அதோ, அந்தப் பச்சை கேட்டு, நேராப் போ, அவருக்கு ராத்திரிச் சாப்பாடாம், போவேன், பூங்காவில் எட்டு வடிவ நடைபாதையில் மனிதர்கள் சுற்றிச் சுற்றி வந்து நடுவில் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டிருப்பார்கள், நானும் ஒரு சுற்று சுற்றுவேன், அங்கே எனக்கு ரொம்பப் பிடிக்கும், எவ்வளவு நடந்தாலும் தொலைய முடியாத பாதை அது ஒன்றுதான், மகிழமரத்தடியில் உதிர்ந்த பூவைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி ஏகாம்பரம் காத்திருப்பார், கன்னியம்மா தன்னோட சாமி படத்துக்குக் கேட்டுச்சு சார், தூங்குமூஞ்சி மரத்தடி இஸ்திரி வண்டி, பெட்டியில தணல் தெரியும் பாருங்க என்பார், கன்னியம்மாள் பூவை வாங்கிக்கொண்டு இந்த நீலச் சட்டையைக் கொடுப்பாள், அதே வரிசையில மல்லிக்கொடி வீடு, கேட்டுக் கொக்கியில மாட்டிட்டுப் போங்க சார். மாட்டிவிட்டு நிமிர்ந்தால், அட, என் வீடும் அங்கேதான் இருக்கும், சட்டையின் சொந்தக்காரரும் நானும் ஒரே காம்பவுண்டில் இருப்பது எவ்வளவு சௌகரியம் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

பொங்கலுக்குச் சாருமதி வந்தாள், மாலையில் நான் செருப்பு மாட்டும்போது நீங்க போயிட்டு வாங்கப்பா, எனக்குத் தலைவலி என்றாள், எனக்கா தெரியாது, வாசலில் அவள் செருப்பும் தயாராகத்தான் இருந்தது, என் பின்னால் வருகிறாள், பரீட்சை வைக்கிறாள், அந்த நினைப்பிலேயே எல்லாம் குழம்பிப்போயிற்று, அலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், தலைக்குள் அணைந்துவிடுகிறது, தில்லைநாயகி என்று கூப்பிட்டேனோ என்னவோ, காற்று எல்லாப் பக்கத்திலிருந்தும் அடிக்கிறது, அவள் என் பக்கத்தில்தான் நிற்கிறாள், கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஆனால் வழியைச் சொல்லமாட்டேன் என்கிறாள், சிரிக்கிறாள், அப்போது கையில் தூக்குவாளி வந்து விழுந்தது, பச்சை கேட்டு சார் என்றது ஒரு குரல், பிறகு பூ, பிறகு தணல், பிறகு சட்டை, நடந்தேன், மல்லிக்கொடி வீட்டு வாசலில் நின்று கொக்கியைத் தேடிக்கொண்டிருக்கும்போது சாருமதி மூச்சிரைக்க வந்து என் கையைப் பிடித்தாள். இது பக்கத்து வீட்டுக்காரருடையது, கசங்கிவிடப் போகிறது என்றேன், அவள் செய்தித்தாளைப் பிரித்தாள், சட்டையை விரித்தாள், மூன்றாவது பித்தானில் சிவப்பு நூல், நீல நூல் தீர்ந்துபோய் தில்லைநாயகி தைத்தது, இருக்கட்டுமே, தொலைஞ்சா அடையாளம் சொல்லலாம் என்று பல்லால் நூலைக் கடித்தபடி சொன்னது, சட்டையைத்தான் சொன்னாள்.

சாருமதி வழி நெடுக விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள், ஏகாம்பரம் சுத்த சைவமாம், தூக்குவாளியில் போனதெல்லாம் பூங்காப் பூனைகளுக்கு மீன் தலையாம், காலையில் துணி எடுக்க வரும்போது கொக்கியில் தொங்குகிற அதே சட்டையைக் கன்னியம்மாள் திரும்ப எடுத்துப் போகிறாளாம், யார் ஏற்பாடு இது என்று கேட்டதற்கு அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, யாரும் சொல்லல பாப்பா, ஒரு வாட்டி முட்டுச் சந்துல நின்னுக்கினு இருந்தாரு, கையப் புடிச்சேன், உதறிட்டாரு, வேல குடுத்தா மட்டும் கரெக்ட்டாப் போயிடுவாரு, அதான் ஆளாளுக்கு ஒரு வேல குடுக்குறோம் என்றாளாம். எத்தனை மாலை இவர்களைத் திட்டியிருப்பேன், சாருமதி சட்டையை என் தோளில் வைத்து அளவு பார்ப்பதுபோல் நீவிவிட்டாள், நான் உங்களைக் கூட்டிட்டுப் போகலப்பா, அங்க இத்தனை பேரை நான் எங்க போய்த் தேடுவேன் என்றாள். மறுநாள் அவள் கடைக்குப் போய் மீன் தலை வாங்கி வந்து தனபாக்கியத்திடம் கொடுத்தாள்.

இது எப்போது நடந்தது, போன பொங்கலா, அதற்கு முந்தியதா, சில மாலைகளில் நினைவிருக்கிறது, சிலவற்றில் இல்லை, நினைவிருக்கும் நாட்களிலும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் தூக்குவாளியை வாங்கிக்கொள்கிறேன், அலுத்துக்கொள்வதுபோல் ஒரு பெருமூச்சும் விடுகிறேன், அதுதான் என்னால் முடிந்த நன்றி, முதுகைக் காற்று தள்ளுகிறது, வலது கைப்பக்கம் பார்த்தீர்களானால் மல்லிக்கொடி படர்ந்த ஒரு வீடு, கையில் இளஞ்சூடாக ஒரு சட்டை இருக்கிறது, நீலச் சட்டை, மூன்றாவது பித்தானில் சிவப்பு நூல், சொந்தக்காரர் யாரோ, நல்ல மனிதராகத்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் அவர் வீட்டுக்கு ஒரு சட்டை போய்ச் சேர இத்தனை பேர் மெனக்கெடுவார்களா.