ரசிகர் மன்றச் செயலாளர்

மோரிஸ் பெண்டல் பொய் சொல்லியே பிழைத்த மனிதர். குறையாகச் சொல்லவில்லை, அறுபதுகளில் பாப் பாடகர்களுக்கு மேனேஜராக இருந்தவர்களின் வேலையே அதுதான். எங்கள் ஒலி ஆவணக் காப்பகத்துக்காக இங்கிலாந்தின் ஹோவ் கடற்கரையில் இருந்த அவருடைய பிளாட்டுக்கு ஐந்து வாரம் போய்ப் பேட்டி எடுத்தேன். வயது எண்பத்தெட்டு. வெறும் ஒலிப்பதிவுதான் என்று தெரிந்தும் ஒவ்வொரு முறையும் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அவர் தூக்கிவிட்ட பாடகன் லான்ஸ் பெல்மான்ட். 1963இல் பெண்பிள்ளைகள் அவன் கார்க் கண்ணாடியில் உதட்டுச்சாயத்தால் பெயர் எழுதிவிட்டு ஓடினார்கள். கல்யாணம் ஆனவன் என்று தெரிந்தால் மறுவாரமே இசைத்தட்டு விற்காது என்பது அந்தக் காலத்து வேதவாக்கு. லான்ஸுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது.

மனைவி பெயர் ஆட்ரி. பேட்டி எடுக்கப்போவதை அறிந்து முன்கூட்டியே எங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தார். மோரிஸ் அவரை ரசிகர் மன்றச் செயலாளர் ஆக்கிவிட்டாராம். புருஷனுக்கு வந்த காதல் கடிதங்களுக்கெல்லாம் புருஷன் கையெழுத்தைப் போட்டு மனைவியே பதில் எழுதினார். மறுவருடம் கார் விபத்தில் லான்ஸ் செத்தான். இறுதிச் சடங்கில் தேவாலயத்தின் முன்வரிசை குடும்பத்துக்கு. ஆட்ரிக்கு ஒன்பதாவது வரிசை, மன்றத்துப் பெண்களோடு. பிறகு வந்த எந்தப் புத்தகத்திலும் லான்ஸ் கட்டைப் பிரம்மச்சாரிதான். கல்யாணச் சான்றிதழ் தன்னிடம் இருக்கிறது, தனக்கு வேண்டியது அதுவல்ல, மறைத்தவர் வாயாலேயே தன் பெயர் வர வேண்டும் என்று எழுதியிருந்தார்.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. பேட்டி கொடுப்பவர் வாயில் வார்த்தையை வைக்கக் கூடாது. எடுத்துக் கொடுத்தால் அது அவர் ஞாபகம் ஆகாது, நம்முடையதாகிவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான்.

நான்கு வாரம் மோரிஸ் பிடி கொடுக்கவில்லை. ஐந்தாவது வாரம் லான்ஸின் இறுதிச் சடங்கைப் பற்றிக் கேட்டேன். என்ன தோன்றியதோ, தானாகவே கொட்டினார்.

"பையனுக்குக் கல்யாணம் ஆயிருந்துச்சு, கண்ணு. நான்தான் மறைச்சேன். சாவுலகூட அந்தப் பொண்ண முன்னாடி உக்கார விடல. அந்தப் பாவம் என்னோடது."

அந்தப் பெண் யார் என்று கேட்டேன். அதற்கு மேல் கேட்க எனக்கு அனுமதியில்லை.

"அவ பேரு..." என்று நிறுத்தினார். விபத்து நடந்த சாலை, சவப்பெட்டியின் மேல் வைத்த பூ, லான்ஸின் நாயின் பெயர் வரை சொன்ன மனிதர். கோப்பையைத் தட்டில் திருப்பிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் என் நோட்டைப் பார்த்தேன். நாற்பது நொடி போயிற்று.

"நாங்க எல்லாரும் செக்ரட்டரின்னுதான் கூப்பிடுவோம்" என்றார்.

அடுத்த வாரம் வேறு வழியாகக் கேட்டுப் பார்க்கலாம் என்றிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மோரிஸ் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பதிவைக் கேட்க ஆட்ரி லண்டனுக்கு ரயிலேறி வந்தார். எண்பத்து மூன்று வயதில் முடியைச் சுருட்டி அலங்காரம் செய்துகொண்டு வந்திருந்தார். ஹெட்ஃபோனை நானே மாட்டிவிட்டேன். பாவம் என்னோடது என்ற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அந்த நாற்பது நொடி. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தார்.

"அவருக்கு மறந்துபோச்சு. வயசாயிடுச்சு, விடு. நீ அங்கதானம்மா உக்காந்திருந்த?"

ஆமாம் என்றேன்.

"உனக்குத் தெரியும்ல?"

விதியைச் சொன்னேன். அது ஏன் முக்கியம் என்பதையும் சொன்னேன். பொறுமையாக முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்து கோட்டை மாட்டினார்.

"மோரிஸும் அன்னைக்கு இதையேதாம்மா சொன்னாரு. தொழிலுக்குன்னு ஒரு விதி இருக்குன்னு."