பச்சையாத்தான் இருக்கு

ஜன்னலை அடைத்திருந்த கறுப்புப் போர்வையின் கடைசி ஆணியைக் குறடால் பிடுங்கிக்கொண்டிருந்தான் வின்ஸ்டன். நாலு மணிக்கு அடக்க ஆராதனை. தங்கை ஃபெமினா முன்னறையில் ஃப்ரீசர் பெட்டிக்குள் கிடந்தாள். சபைப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து கீர்த்தனை பாடினார்கள். அவள் படுத்திருந்த இந்த அறையைக் கழுவிவிடச் சொல்லியிருந்தாள் அம்மா ஜெபராணி.

போர்வை விழுந்ததும் வெயில் குபீரென்று உள்ளே வந்தது. தலைக்குள் கட்டி முற்றியபின் வெளிச்சம் பட்டாலே ஃபெமினா கண்ணைப் பொத்திக்கொண்டு முனகுவாள். “ஜன்னலை மட்டும் மூடிராதீங்க” என்று கறாராகச் சொல்லியும் இருந்தாள். அந்த முனகலைக் கேட்கச் சகிக்காமல் மூன்று வாரத்துக்கு முன் வின்ஸ்டன்தான் போர்வையை அடித்தான். சிட்கோ தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவன். அவன் அடைத்தால் ஊசி வெளிச்சம் நுழையாது. கண்ணில் ஈரத்துணி கட்டிக் கிடந்தவளிடம், கொசுவலை அடிக்கிறேன் என்று புளுகிவைத்தான்.

“ஏனுங்கண்ணா, அந்தப் பாட்டில எடுத்துக்கலாமுங்களா?”

கதவருகே அஃப்ஷீன் நின்றாள். ஃபெமினாவோடு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள்.

ஜன்னல் திட்டில், போர்வைக்கு உள்பக்கம் இருந்தது ஒரு கண்ணாடிக் குப்பி. உள்ளே உக்கடம் பெரிய குளத்திலிருந்து ஃபெமினா பிடித்து வளர்த்த ஒற்றைச் செல் உயிர்கள். ஒவ்வொன்றின் உடம்புக்குள்ளும் நூற்றுக்கணக்கில் பாசி குடியிருக்கும். பாசி வெயிலில் சர்க்கரை செய்து வாடகைபோலக் கொடுக்கும். “குடியிருக்கறவன் ஊட்டுக்காரனுக்குச் சோறு போடறாண்ணா. அந்தச் சர்க்கரை எங்கெங்க போவுதுன்னு லேசர் மைக்ராஸ்கோப்புல கலர் கலரா படம் புடிக்கப்போறேன்” என்பாள். ஆய்வகத்தில் வைத்திருந்தவை பூஞ்சை பிடித்துப்போனதால் மிச்சம் இந்த ஒரு குப்பிதான். மைக்ராஸ்கோப்புக்கு ஐந்து மாதம் காத்திருந்து வரும் திங்கட்கிழமை பத்து மணிக்கு முறை கிடைத்திருந்தது. தான் இல்லாவிட்டாலும் தன் பேரில் அஃப்ஷீன் படத்தை எடுப்பாள் என்ற நம்பிக்கையில்தான் ஃபெமினா கடைசி மாதத்தை ஓட்டினாள்.

தினமும் காலையில் கேட்பாள்: “அண்ணா, பச்சையா இருக்கா?”

“பச்சையாத்தான் இருக்கு கண்ணு.”

அந்த இருட்டில் குப்பியே கண்ணுக்குத் தெரியாது. குளத்துப் பாசிக்கு என்ன கேடு வந்துவிடப்போகிறது என்றிருந்தான். கடைசி நாலு நாள் அவள் கேட்கவேயில்லை. நோவு முற்றியதால் என்று நினைத்துக்கொண்டான். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை; ஜன்னல் அடைபட்டது அவளுக்குத் தெரிந்துபோயிருக்குமோ.

அஃப்ஷீன் குப்பியை வெயிலில் பிடித்தாள். குடிதண்ணீர் மாதிரி தெளிந்து கிடந்தது. பையிலிருந்து லென்ஸை எடுத்து வெகுநேரம் பார்த்தாள்.

“செத்துப்போச்சா அம்மணி?”

“இல்லீங்கண்ணா. நாலஞ்சு ஓடுதுங்க. ஆனா வெள்ளையா ஓடுதுங்க.” அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “நெறைய நாள் இருட்டுல கெடந்தா, பசி தாங்காம உள்ள இருக்கற பாசியவே தின்னுபோடுமுங்க.”

“அப்ப படம்?”

“எடுக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க.”

வின்ஸ்டன் வெறும் கட்டிலில் உட்கார்ந்தான். தங்கை கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் தன் கையாலேயே கெடுத்துவிட்டான். அவள் முகத்தில் இனி எப்படி மண் போடுவது என்று தெரியவில்லை.

“அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம் அம்மணி. காத்தாலருந்து வாறவங்ககிட்டயெல்லாம் திங்கக்கெழம படம் வருதுன்னு...”

பேச்சு பாதியில் நின்றது. வாளித் தண்ணீரோடு ஜெபராணி வாசற்படியில் நின்றிருந்தாள். மகளின் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தவள். தினமும் காலையில் அந்தக் கேள்வியையும் பதிலையும் கேட்டவள். போர்வையைப் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்ததும் அவள்தான்.

வாளியை இறக்கிவைத்துவிட்டுக் குப்பியை வாங்கினாள். வெயிலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். குப்பிக்குள் எதிர்ச்சுவரின் சுண்ணாம்பு பளிச்சென்று தெரிந்தது. மகனைப் பார்த்தாள். அவன் தலை நிமிரவில்லை. முன்னறையில் பாட்டு முடிந்து யாரோ ஜெபிக்கத் தொடங்கினார்கள்.

“திங்கக்கெழம பத்து மணிக்குத்தானே கண்ணு?” என்று அஃப்ஷீனிடம் கேட்டாள்.

அஃப்ஷீன் லென்ஸைப் பைக்குள் போட்டாள். “ஆமாங்க ஆன்ட்டி.”

“பாத்து எடுத்துட்டுப் போ. ஒடஞ்சுரப் போவுது.”

குப்பியின் மேலிருந்த தூசியை முந்தானையால் துடைத்து, மூடியை ஒருமுறை திருகிப் பார்த்து, அவள் கையில் கொடுத்தாள்.