ஏழாவது விதியும் தேவநாதனும்

1

ஒத்துக்கொண்டுவிடுகிறேன்: நான் எழுத உட்கார்ந்தது கதையே அல்ல, ஒரு கையேடு. திண்டிவனத்தில் ஞாயிறுதோறும் கூடும் எங்கள் ஊர் ஆர்கெஸ்ட்ராவுக்காக. (கல்யாணத்தில் சினிமாப் பாட்டு பாடுவது அல்ல, எட்டு வயலின், இரண்டு புல்லாங்குழல், ஒரு கீபோர்டு.) "புதுசா சேர்றவங்களுக்கு நாலு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார் குழுவை நடத்தும் ஜெசிந்தா. நேரத்துக்கு வரவும், பென்சில் கொண்டுவரவும் என்று ஒழுங்காகத்தான் போனது. ஏழாவது விதியில் தேவநாதன் வந்து உட்கார்ந்துகொண்டார்.

2

விதி ஏழு: வாசிக்க வராத இடத்தில் வில்லைத் தந்திக்கு மேலே சும்மா அசைக்கவும். சத்தம் வரக் கூடாது.

மல்லாட்டை (வேர்க்கடலைதான்) வியாபாரி தேவநாதன் ஐம்பது வயதில் வயலினைத் தொட்டவர். வராத இடத்தையும் விடமாட்டார். தப்பாக, சத்தமாக வாசிப்பார். விழுப்புரத்தில் முதல் கச்சேரிக்கு எட்டு நாள் இருக்கையில் ஜெசிந்தா அவரைத் தனியே கூப்பிட்டார். ஜெசிந்தாவின் கண்கள் கலங்கியிருந்தன, ஏனென்றால்... (இல்லை. கலங்கவில்லை. கச்சேரி மானம் போகாமல் முடிய வேண்டும், அவ்வளவுதான்.)

"அண்ணா, அந்த வேகமா வர்ற எடத்துல மட்டும் சும்மா வில்ல ஆட்டிக்கினு இருங்க."

"சவுண்டே வேணாங்களா மேடம்?"

"வேணாங்க."

"செரிங்க."

அந்தச் 'செரிங்க' எனக்கு இன்னும் வலிக்கிறது.

3

மறுநாள் ஒத்திகை. வயலின்கள் மட்டும் தனியாக வரும் அந்த இடம் வந்தது. எட்டு வில்லும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. பார்க்க அவ்வளவு அழகு. காதில் விழுந்தது மின்விசிறி மட்டும்.

மற்ற ஏழு பேரும் மூன்று மாதமாக அங்கே வில்லை மட்டுமே அசைத்திருக்கிறார்கள். தேவநாதனின் சத்தத்தில் அது தெரியவில்லை. உண்மையில் வாசித்துக்கொண்டிருந்த ஒரே ஆளை நிறுத்திவிட்டோமே என்று ஜெசிந்தா வெட்கிப்போனார்.

4

முடிவு ஒன்று: தேவநாதன் சிரித்தபடி வயலினை எடுக்க, எல்லோரும் கைதட்ட... (அடித்துவிட்டேன். எழுத எனக்கே கூசியது.)

முடிவு இரண்டு: ஜெசிந்தா அந்தப் பாட்டையே கச்சேரியிலிருந்து எடுத்துவிடுகிறார். யாருக்கும் அவமானமில்லை, தேவநாதனைத் தவிர.

நடந்தது இது. ஜெசிந்தா தேவநாதனின் நாற்காலி வரை நடந்து வந்தார்.

"அண்ணா, நான் சொன்னது தப்புங்க. நீங்க வாசிங்க. எப்பிடி வந்தாலும் பரவால்ல."

"நான் வாசிக்கிறேன் மேடம். இவங்கள்லாம்?" என்றார் தேவநாதன்.

ஜெசிந்தா எங்கள் பக்கம் திரும்பி, மறுபடியும் முதலிலிருந்து என்று கையைத் தூக்கினார்.

ஆமாம், எங்கள் பக்கம். வயலின் வரிசையில் மூன்றாவது நாற்காலி என்னுடையது. இதற்கு மேல் ஒரு வரி எழுதினாலும், நான் வாசித்தேன் என்றுதான் எழுதுவேன். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.