மச்சானை இடப்பக்கம் உட்காரவைத்த ஞாயிறு

பல்செட் செய்பவரின் வீட்டு முன்னறை ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சுருங்கும். சுவர்கள் ஓசையில்லாமல் உள்ளே நகர்ந்து சீட்டு மேசையை நெருக்கும். ஆட்டம் முடிந்ததும் பழைய இடத்துக்குப் போய்விடும். பிரிட்ஜ் ஆட்டத்தில் ஸ்க்வீஸ் என்ற நெருக்கும் வித்தையை அவர் பழக ஆரம்பித்த பிறகுதான் இப்படி என்பது தெரிந்ததால் யாரும் கொத்தனாரைக் கூப்பிடவில்லை. வித்தை பெரிய கம்பசூத்திரம் இல்லை. எதிராளி ஹார்ட் எனும் ஆட்டினில் ஒரு சீட்டையும் டைமனில் ஒரு சீட்டையும் காவல் காத்துக்கொண்டிருப்பார். நாம் இஸ்பேட்டை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அவருக்குப் போட வேறு சீட்டு இருக்காது. காத்த இரண்டில் ஒன்றை விட்டே ஆகவேண்டும். அந்த முன்னறையில் மட்டும், நெருக்கப்பட்டவர் சீட்டோடு சேர்த்து வாழ்க்கையில் இறுக்கிப் பிடித்திருந்த ஏதாவது ஒன்றையும் விட்டுவிடுவார். எது என்பது அவர் பாடு. இடப்பக்கம் உட்கார்ந்து ஆடிய எதிர்வீட்டுத் தையற்காரம்மா ஒருமுறை அகப்பட்டு, இந்த வீட்டில் இரவல் வாங்கித் தன்னுடையதென்றே பல வருடம் சாதித்த ஏணியைத் தானே சுமந்துவந்து சாத்திவிட்டுப் போனார்.

ஏணியைப் பார்த்ததும் பல்செட்காரருக்குப் பொறி தட்டியது. அவருடைய மனைவியின் அண்ணன், வீடு கிடைக்கும்வரை ஒரு வாரம் என்று வந்தவர், பக்க அறையில் நரைக்கவே ஆரம்பித்துவிட்டார். மகளுக்கென்று கட்டிய அறை அது. மகளோ கூடத்தில் மடக்குக் கட்டிலில் படுத்து, மிக்ஸி இரைச்சலில் சமையலறை மேடையில் புத்தகத்தை வைத்துப் படித்து, இரண்டு முறை பரீட்சையில் தோற்றிருந்தாள். இந்தத் தடவையும் போனால் படிப்பே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மச்சானிடம் நேரே சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. ஊரார் வாய்க்கெல்லாம் பல் கட்டுகிறவருக்கு இது ஒரு குறைதான்.

ஆகவே மச்சானை வலப்பக்கம் உட்காரவைத்துச் சீட்டால் கிளப்பப் பார்த்தார். ஆனால் அறை அவரையே நெருக்கியது. முதல் வாரம் ஜன்னலோர நாற்காலியை மச்சானுக்கு விட்டார். அடுத்து செய்தித்தாளின் முதல் வாசிப்பு போனது. அப்புறம் காலைக் குளியலறை முறை. மாப்பிள்ளைக்குத் தங்கமான மனசு என்று மச்சான் தையற்காரம்மாவிடம் நெகிழ்ந்து சொன்னார். தவறு எங்கே என்றால், வித்தையைச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு வாடிக்கையாளர். பாதி சொன்னபோதே அளவெடுக்கும் மாவை அவர் வாயில் திணித்தது பல்செட்காரர்தான். மாவு இறுகி, எடுத்து, துப்பி முடிப்பதற்குள் அவருக்கு பஸ் நேரமாகிவிட்டது.

மீதிப் பாதி, எதிரே ஜோடியாக உட்கார்ந்து ஆடும் மனைவிக்குத் தெரிந்திருந்தது. சொந்த அண்ணன் என்பதால் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. மகள் மேடையில் தலைசாய்த்துத் தூங்குவதைப் பார்த்த அன்று, கணவரின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

“அண்ணன் உங்களுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தா, நம்ம சீட்டு விழுறதைப் பார்த்துட்டுத்தான் தன்னோடதைப் போடுவார். முதல்ல விடவேண்டியது நாமதான். இடப்பக்கம் உட்கார வைங்க.”

அந்த ஞாயிறு, காற்று இந்தப் பக்கம்தான் நன்றாக வருகிறது என்று மச்சானை இடம் மாற்றினார்கள். இஸ்பேட் இறங்க இறங்கச் சுவர் நெருங்கியது. மாட்டியிருந்த காலண்டர் மச்சானின் பிடரியில் உரசியது. ஆட்டின் ராஜாவையும் டைமன் ராணியையும் மாறி மாறிப் பார்த்தவர், வியர்த்து, ராஜாவைப் போட்டார். பல்செட்காரர் பக்க அறைச் சாவிக்காகக் கையை நீட்டாத குறை.

“மாப்பிள்ளே, எனக்கு வேலை போயி மூணு வருஷம் ஆச்சு” என்றார் மச்சான். “காலைல பையைத் தூக்கிட்டுக் கிளம்புறது பஸ் ஸ்டாண்டுக்குத்தான். சாயங்காலம் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.”

ஜெயித்த சீட்டுகளை அள்ளவே பல்செட்காரருக்குத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. தினமும் டப்பா கட்டிக் கொடுத்தேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா அண்ணா என்று மனைவி அழுதார். இனி அறையைக் கேட்க முடியாது என்பது எல்லோருக்கும் விளங்கியது.

அப்போது சுவர்கள் திரும்பின. மூன்று சுவர்கள் தத்தம் இடத்தில் நின்றன. மச்சானுக்குப் பின்னாலிருந்த சுவர் மட்டும் நிற்காமல் போய், கொல்லைக் குழாயில் இடித்துத்தான் நின்றது. தையற்காரம்மா கழுத்தில் கிடந்த டேப்பால் அளந்து பார்த்து, ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு புத்தக அலமாரிக்குச் சரியாக இருக்கும் என்றார். மூன்று வருடம் மச்சான் ஒளித்துவைத்தது அவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. தச்சர் வந்து தடுப்பும் கதவும் போட்டார். வீட்டு வரி அதிகாரி புது அளவைக் குறித்துக்கொண்டு வரியை ஏற்றினார், வேறெதுவும் கேட்கவில்லை.

பரீட்சைக்கு முந்தைய ஞாயிறு மகள் தன் அறையிலிருந்து தலையை நீட்டி, “மாமா, கொஞ்சம் மெதுவா ஆடுங்க, படிக்கிறேன்ல” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். பல்செட்காரர் அந்தச் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்ததில் கையிலிருந்த ஏஸை வீணாக்கினார்.